மாதம் ஒரு டாலர் வாடகை!

நியூயார்க் நகரத்துக்குக் கோடைக்காலத்தில் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: நடைபாதையில் நடக்கும்போது கொஞ்சம் குனிந்து பார்த்து நடவுங்கள். வானத்தை முட்டும் கட்டடங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனால் கழுத்து வலிக்கும் என்பது மட்டுமல்ல. கால் இடறி விழவும் நேரலாம். எதில் இடறும் என்கிறீர்களா? ரப்பர் குழாயில்தான்!

தீயணைக்கும் படையின் உபயோகத்துக்காகத் தெருவோரங்களில் குட்டையாக இரும்புக் குழாய்கள் நட்டு வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றில் ரப்பர் குழாயை மாட்டி, அது நடைபாதையின் குறுக்கே சாரைப் பாம்பு மாதிரி நெளிந்துபோய், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே உள்ள ஒரு கம்பி வேலிக்குள் புகுந்து மறைவதைப் பார்க்கலாம். திருட்டுத் தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். நகர சர்க்காரிடம் எழுதிக் கொடுத்து முறைப்படி அனுமதி வாங்கிய தண்ணீர்தான்.

அந்தக் குழாயின் பின்னாலேயே நாமும் உள்ளே போவோம், வாருங்கள். தயங்க வேண்டாம். கேட் விரியத் திறந்திருக்கிறது. யாரும் வரலாம் என்று பலகையும் தொங்குகிறது. அந்த கேட் ஏன் திறந்திருக்கிறது என்பதற்குள்ளே ஒரு கதை இருக்கிறது. அதில் ஏலம் உண்டு, புல்டோசர் உண்டு, ஒரு சினிமா நட்சத்திரம் உண்டு. ராட்சதத் தவளைகூட ஒன்று உண்டு! ஆனால் முதலில் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிடுவோம். விருந்துக்கு வந்தவர்களிடம் வாசலிலேயே வழக்கைச் சொல்லக்கூடாது அல்லவா?

நாம் நிற்கிற இடம் மன்ஹாட்டன் தீவின் தென்கிழக்கு ஓரம். 'லோயர் ஈஸ்ட் சைட்' என்று பெயர். 1950-ஐ ஒட்டிய வருஷங்களில் பியூர்ட்டோ ரிக்கோத் தீவிலிருந்து ஏராளமான ஜனங்கள் வந்து இங்கே குடியேறினார்கள். அவர்களுடைய ஸ்பானிய நாக்கில் அது 'லோயிசைடா' ஆகிவிட்டது. நம் திருவல்லிக்கேணி வெள்ளைக்காரன் வாயில் 'ட்ரிப்ளிகேன்' ஆகிச் சிதைந்த விஷயம் உங்களுக்குத் தெரியும். இங்கே அதற்குப் பழிவாங்கியது போல் ஓர் இங்கிலீஷ் பெயர் அன்னிய நாக்கில் புரண்டு, முன்னைவிட அழகாகிவிட்டது! 1987-ல் நகரசபையே ஒரு சாலைக்கு அந்தப் பெயரைச் சூட்டி ஒப்புக்கொண்டுவிட்டது.

இந்த வட்டாரத்தில் நாலு தெரு நடந்தால் ஒரு தோட்டம் தென்படும். பொதுவாக ஒரு மனைக்கு 25 அடி முகப்பு, 100 அடி நீளம். சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் கூட. சில தோட்டங்கள் ஒரே மனை. சில, நாலைந்து மனை சேர்ந்தவை. கோடையிலும் இலையுதிர் காலத்துத் தொடக்கத்திலும் திறந்த தினம் என்று வைத்து அக்கம்பக்கத்தாரை எல்லாம் அழைப்பார்கள். ஒரே தோட்டத்தில் எல்லா வேடிக்கையும் இருந்துவிடாது. ஆகையால் ஐந்தாறு தோட்டங்களை ஒன்றாகச் சேர்த்து உங்களுக்குக் காட்டுகிறேன். கட்டுரை எழுதுகிறவனுக்கு இந்த அளவு சலுகை உண்டு.

நுழைந்தவுடன் மூக்குக்குத்தான் முதல் உபசாரம். ஒரு பெரிய அலுமினியப் பாத்திரத்தில் சோறு வெந்துகொண்டிருக்கிறது. அரிசியோடு சேர்ந்து வேகிற பயறு என்ன தெரியுமா? சாட்சாத் நம் துவரைதான்! பியூர்ட்டோ ரிக்கோக்காரர்களுக்கு இது இல்லாமல் விசேஷம் இல்லை. நாம் உடைத்துப் பருப்பாக்கிக் குழம்பு வைக்கிறோம். அவர்கள் முழுத் துவரையை அப்படியே போட்டுச் சோறாக்கிவிடுகிறார்கள். பக்கத்தில் பளிச்சென்று வர்ணம் அடித்த ஒரு சின்ன மரவீடு. 'கசிட்டா' என்கிறார்கள், குட்டி வீடு என்று அர்த்தம். அதன் திண்ணையில் நாலு பெரியவர்கள் டாமினோ கட்டைகளை மேஜையில் அறைந்து விளையாடுகிறார்கள். தாயக்கட்டை ஆட்டத்தில் நம் தாத்தாக்கள் போடும் சத்தத்துக்கு இது கொஞ்சமும் சளைத்ததல்ல.

பாத்திகளைப் பாருங்கள். நாலடிக்கு எட்டடி அளவில், பெட்டி மாதிரி பலகை அடித்து, மண்ணைத் தரைக்கு மேலே உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அழகுக்காக அல்ல. அந்த ஊர்த் தரையின் மேல் அவர்களுக்கு நம்பிக்கை இல்லை. இடிந்த கட்டடங்களின் பழைய பெயின்ட்டில் ஈயம் இருந்தது. மோட்டார் வண்டிப் புகையிலும் பல காலம் ஈயம் கலந்து வந்தது. அதெல்லாம் மண்ணில் தங்கிவிட்டது. ஈயம் மக்கிப் போகாது, ஆவியாகவும் போகாது. சின்னக் குழந்தைகள் மண்ணில் அளைந்த கையை வாயில் வைத்தால் மூளை வளர்ச்சிக்கே கெடுதல். ஆகவே நல்ல மண்ணை வெளியிலிருந்து கொண்டுவந்து பலகைக்குள் கொட்டி, அதில்தான் கீரையும் தக்காளியும் போடுகிறார்கள். நடக்கும் வழியெல்லாம் மரச்சிராய் பரப்பிவிடுகிறார்கள், புழுதி கிளம்பாமல் இருக்க.

யார் யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று விசாரிக்கவே வேண்டாம். பாத்தியைப் பார்த்தால் போதும். இனிப்பு மிளகாய் இருந்தால் பியூர்ட்டோ ரிக்கோ. அகலமான காலர்டு கீரை இருந்தால் அமெரிக்காவின் தென் மாகாணங்களிலிருந்து வந்த நீக்ரோ மக்களின் சந்ததியார் என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகள் எழுதியிருக்கும். இன்று கறுப்பின அமெரிக்கர் என்பது மரியாதை. ஆற்றைத் தாண்டிப் புரூக்ளினில் ஈஸ்ட் நியூயார்க் என்ற பேட்டைக்குப் போனீர்களானால், வங்காள தேசத்துக்காரர்கள் பந்தல் போட்டுப் பாகலும் சுரையும் தொங்கவிட்டிருக்கும் காட்சியைக் காணலாம். பனி கொட்டும் தேசத்தில் ஒரு பாகற்காய்ப் பந்தலைப் பார்த்தால், வாழ்நாள் முழுவதும் பாகற்காயை ஒதுக்கி வைத்தவனுக்குக்கூடக் கண் கலங்கிவிடும்!

*

தோட்டம் என்று பெயரே தவிர, இது ஒரு சின்னப் பட்டறை மாதிரி. அதோ அந்த மூலையில் ஓர் ஆள் உயரத்துக்குப் பெரிய தொட்டி இருக்கிறதல்லவா? பக்கத்துக் கட்டடத்தின் கூரையிலிருந்து இறங்கும் மழைக் குழாயை வெட்டி அதில் திருப்பி விட்டிருக்கிறார்கள். 2002-ல் நியூயார்க்கில் மழை பொய்த்துத் தண்ணீருக்குக் கட்டுப்பாடு வந்தபோது இந்த யோசனை பரவிற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் 2300 லிட்டருக்கு மேல் தண்ணீர்! இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. அந்த நகரத்தின் பெரும் பகுதியில் மழைத் தண்ணீரும் சாக்கடையும் ஒரே குழாயில் போகின்றன. பலத்த மழை பெய்தால் குழாய் கொள்ளாமல் இரண்டும் கலந்து நேரே ஆற்றில் போய் விழுகிறது. உலகத்துக்கே நாகரிகம் கற்றுக் கொடுக்கும் நகரத்தின் லட்சணம் அது. தொட்டியில் பிடித்த ஒவ்வொரு வாளித் தண்ணீரும் ஆற்றில் விழாத ஒரு வாளி.

அதற்கு அடுத்தாற்போல் குப்பைக் குவியல். முகத்தைச் சுளிக்காதீர்கள், கிட்டப் போய் முகர்ந்து பாருங்கள். முதல் மழை பெய்த நிலத்தின் வாசனைதான் வரும். வீட்டில் கழிக்கும் காய்கறித் தோல், காப்பிச் சக்கை இவற்றை அக்கம்பக்கத்தார் பக்கெட்டில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அதோடு உலர்ந்த இலையும் மரத்தூளும் கலந்து கிளறிவிட்டால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. சரியான சேர்மானமாக இருந்தால் குவியலின் நடுவே வெப்பம் 55 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். கையை உள்ளே விட்டால் சட்டென்று இழுத்துக்கொள்ள வேண்டியதுதான்! அந்தச் சூட்டில் களை விதைகளும் கெட்ட கிருமிகளும் செத்துப்போகின்றன. பச்சைக் கழிவு மட்டும் போட்டால் நாறும். உலர்ந்தது மட்டும் போட்டால் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். சமையலைப் போலவே இதிலும் கைப்பக்குவம் இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் 1987-லிருந்தே இதற்கென்று ஒரு சூழலியல் நிலையம் வேலை செய்கிறது. 2023 கடைசியில் நகர சர்க்கார் சிக்கனம் என்று சொல்லி, பேட்டைகளில் நடக்கும் இந்த உர வேலைக்குக் கொடுத்துவந்த பணத்தை வெட்டிவிட்டது. ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. மனுப் போட்டார்கள், கூட்டம் கூடினார்கள். 2024 நடுவில் வெட்டிய பணம் மறுபடி வரவு செலவுத் திட்டத்தில் ஏறிற்று.

கோழிக் கூண்டைக் குழந்தைகள் சூழ்ந்துகொண்டிருக்கிறார்கள். எல்லாம் பெட்டைகள். நியூயார்க் சட்டப்படி நகரத்துக்குள் பெட்டைக் கோழி வளர்க்கலாம், சேவல் வளர்க்கக் கூடாது! இரவெல்லாம் ஆம்புலன்ஸும் லாரியும் அலறுகிற ஊரில் சேவல் கூவினால் தூக்கம் கெட்டுவிடுமாம். தேனீக்கள் விஷயம் இன்னும் வேடிக்கை. 2010 மார்ச் வரையில் நகருக்குள் தேன்கூடு வைப்பது குற்றம். விஷ ஜந்துக்களின் பட்டியலில் தேனீயும் இருந்தது. இப்போது பதிவு செய்துகொண்டு வளர்க்கலாம்.

இதோ இந்த சைக்கிளைப் பாருங்கள். ஓடாத சைக்கிள். சக்கரம் தரையில் படாமல் சட்டத்தில் நிறுத்தி, மிதித்தால் மின்சாரம் வரும்படி செய்திருக்கிறார்கள். திறந்த தினத்தில் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு மிதிக்கிறார்கள். விளையாட்டுப் பொருள் என்று எண்ணவேண்டாம். 2012 அக்டோபர் 29-ந் தேதி இரவு 'சாண்டி' என்ற புயல் வந்தபோது ஈஸ்ட் ஆற்றுத் தண்ணீர் இந்தத் தெருக்களுக்குள் புகுந்தது. பதினாலாவது தெருவிலிருந்த மின்சார நிலையத்தில் வெடி. மன்ஹாட்டனின் கீழ்ப்பாதி முழுவதும் நாலைந்து நாள் இருட்டு. சொந்தக்காரர்களுக்கு 'உயிரோடு இருக்கிறோம்' என்று சொல்லக்கூட டெலிபோனில் உயிர் இல்லை. அப்போது இந்த வட்டாரத்து சைக்கிள் தொண்டர்கள் இந்த மாதிரி சைக்கிள்களைத் தெருவில் போட்டு மிதித்து, வந்தவர்களின் கைபேசிகளுக்கெல்லாம் மின்சாரம் ஏற்றிக் கொடுத்தார்கள். கோடீசுவரர்கள் வாழும் தீவில் கால் பலத்தினால் பேச்சு நடந்தது!

*

சரி, சோறு சாப்பிட்டாயிற்று; இனி வழக்கைச் சொல்லலாம்.

1970-ஐ ஒட்டிய வருஷங்களில் இந்தப் பேட்டைக்கு வந்திருந்தால் நீங்கள் வேறு காட்சியைப் பார்த்திருப்பீர்கள். தொழிற்சாலைகள் ஊரை விட்டுப் போயின. வசதி உள்ளவர்கள் புறநகருக்குப் போனார்கள். வாடகை வசூலாகாத கட்டடத்தைப் பழுது பார்ப்பதைவிடக் கைவிடுவதே லாபம் என்று சொந்தக்காரர்கள் கண்டார்கள். இன்ஷூரன்ஸ் பணத்துக்காகத் தாங்களே தீ வைத்த புண்ணியவான்களும் உண்டு. வரி கட்டாத மனைகள் நகர சர்க்காரின் கைக்கு வந்தன. 1975-ல் சர்க்காரே திவாலாகும் நிலைமை. மனைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆயிரக்கணக்கான மனைகளில் செங்கல் குவியலும் பழைய மெத்தையும் ஊசியும் எலியும்தான் வாசம் செய்தன.

பவரி, ஹூஸ்டன் என்ற இரண்டு தெருக்கள் கூடும் மூலையில் அப்படி ஒரு மனை. லிஸ் கிரிஸ்டி என்ற சித்திரக்காரப் பெண் 1973-ல் அந்த வழியாகப் போனபோது, ஒரு பையன் குப்பையில் கிடந்த பழைய ஐஸ் பெட்டிக்குள் ஏறி விளையாடுவதைக் கண்டு பதறிப்போய், அவன் தாயாரிடம் போய்ச் சொன்னாராம். அந்த அம்மாள், தன் கஷ்டம் தனக்கு. அவ்வளவு அக்கறை இருந்தால் நீயே ஏதாவது செய்யேன் என்று கேட்டுவிட்டாளாம். அன்று கூட இருந்து வேலை செய்த தோழர்கள் சொல்லிவரும் கதை இது.

லிஸ் கிரிஸ்டி செய்தார். நண்பர்களைக் கூட்டி 'பசுமைக் கொரில்லாக்கள்' என்று ஒரு படை சேர்த்தார். அவர்களிடம் வெடிகுண்டும் உண்டு. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் கண்ணாடி உருண்டையிலும் பலூனிலும் விதை, உரம், கொஞ்சம் தண்ணீர் அடைத்து, வேலி போட்டுப் பூட்டிய மனைகளுக்குள் வீசி எறிவார்கள். மழை வந்தால் வேலிக்கு உள்ளே பூ பூக்கும்! மூலை மனையில் மாதக்கணக்கில் குப்பை அள்ளினார்கள். நல்ல மண் கொண்டுவந்தார்கள், வேலி போட்டார்கள், அறுபது பாத்தி கட்டினார்கள். 1974 ஏப்ரலில் நகர சர்க்கார் அவர்களுக்கு அந்த இடத்தை வாடகைக்கு விட்டது. மாதம் ஒரு டாலர்!

லிஸ் கிரிஸ்டி 1985-ல், நாற்பது வயது நிரம்பும் முன்பே, புற்றுநோயால் காலமானார். அடுத்த வருஷம் அந்தத் தோட்டத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். இன்றும் அதே மூலையில் அது இருக்கிறது.

ஒரு மூலையில் நடந்தது ஊரெங்கும் பரவிற்று. 1978-ல் நகர சர்க்காரே 'கிரீன் தம்ப்' என்று ஓர் இலாகா ஏற்படுத்தி, மண்ணும் மரமும் கருவிகளும் கொடுத்தது. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு முள் இருந்தது. முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்தால் நிலத்தைக் காலி செய்து கொடுத்துவிட வேண்டும். குப்பை மேடாக இருந்த வரையில் யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை. தோட்டம் பூத்து, தெரு சுத்தமாகி, பயந்துகொண்டிருந்தவர்கள் மாலையில் உலாவ வந்த பிறகுதான், நிலத்துக்கு விலை இருக்கிறது என்பது எல்லாருக்கும் ஞாபகம் வந்தது.

முதலில் பலியானது ஊதா ஆடைக்காரரின் தோட்டம். ஆடம் பர்ப்பிள் என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டு, தலை முதல் கால் வரை ஊதா நிறம் உடுத்திய விசித்திர மனிதர். சென்ட்ரல் பார்க்கில் குதிரை வண்டிகள் நிற்கும் இடத்திலிருந்து சாணத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். எல்ட்ரிட்ஜ் தெருவில், 1975-லிருந்து, கோலம் போடுவதுபோல் வட்டத்துக்கு மேல் வட்டமாகத் தோட்டம் போட்டார். பக்கத்துக் கட்டடம் ஒன்று இடிந்தால் இன்னொரு வட்டம் கூடும். 15,000 சதுர அடி வரை வளர்ந்தது. 1986 ஜனவரி 8-ந் தேதி புல்டோசர் வந்தது. பத்து வருஷத்துக் கோலத்தை அழிக்க இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் கட்டியது பணக்காரர் மாளிகை அல்ல, ஏழைகளுக்கு வீடு. குளிரில் தெருவில் படுத்திருக்கிறவன், வட்ட வட்டமாகப் பூத்த ரோஜாவைப் பார்த்து என்ன நினைப்பான்? நான் தோட்டத்துக் கட்சிதான். ஆனாலும் இந்தக் கேள்விக்கு என்னிடம் சட்டென்று சொல்லப் பதில் இல்லை. வட்டங்களை அழிக்காமலே வீடுகளைச் சுற்றிக் கட்டலாம் என்று அப்போதே திட்டம் வரைந்து காட்டியவர்கள் இருந்தார்கள் என்பதை மட்டும் சொல்லி மேலே போகிறேன்.

1998-ல் மேயர் ரூடால்ப் ஜூலியானி தோட்ட நிலங்களை வீட்டு வசதி இலாகாவுக்கு மாற்றினார். அந்த ஜூலை மாதம் நகர சர்க்கார் தன் சொத்துக்களைப் போலீஸ் தலைமைக் காரியாலயத்தில் ஏலம் விட்டபோது, தோட்டக் கட்சிக்காரர்கள் ஏலம் கேட்க வந்தவர்கள் போல் உள்ளே போய், கொண்டுபோன உறைகளைத் திறந்துவிட்டார்கள். உள்ளேயிருந்து கிளம்பியவை சுவர்க்கோழிப் பூச்சிகள். பத்தாயிரம்! சீமான்களும் சீமாட்டிகளும் நாற்காலி மேல் ஏறி நின்றால் ஏலம் எப்படி நடக்கும்?

அடுத்த வருஷம் மேயர் ஒரேயடியாக 114 தோட்டங்களை ஏலப் பட்டியலில் சேர்த்தார். எதிர்த்தவர்களைப் பார்த்து, கம்யூனிசக் காலம் முடிந்துவிட்டது, இது சந்தைக் காலம் என்று ரேடியோவில் பாடம் சொன்னார். தக்காளிப் பாத்திக்கும் கம்யூனிசத்துக்கும் என்ன சம்பந்தம் என்று டாமினோ ஆடும் பெரியவர்களுக்குக் கடைசி வரை விளங்கியிராது. தோட்டக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், ஊர்வலம் போனார்கள். ஒருவர் சூரியகாந்திப் பூ வேஷம் போட்டுக்கொண்டு நகர மண்டபத்துக்கு எதிரே மரத்தில் ஏறி உட்கார்ந்தார்.

1999 மே மாதத்தில் ஏலம். அதற்கு முந்தின நாள்தான் சினிமாவிலும் பாட்டிலும் புகழ்பெற்ற பெட் மிட்லர் வந்து சேர்ந்தார். அவர் 1995-ல் தொடங்கியிருந்த நியூயார்க் மறுசீரமைப்புத் திட்டம் என்ற ஸ்தாபனமும், 'பொது நில அறக்கட்டளை' என்ற ஸ்தாபனமும் சேர்ந்து 42 லட்சம் டாலருக்கு 114 தோட்டங்களையும் மொத்தமாக வாங்கிவிட்டன. கடைசி ரீலில் கதாநாயகி வந்து காப்பாற்றுவது நம் படங்களில் மட்டும்தான் நடக்கும் என்று யார் சொன்னது?

ஆனால் எல்லாத் தோட்டங்களும் அந்தப் பட்டியலில் இல்லை. ஏழாவது தெருவில் 'எஸ்பெரான்சா' என்று ஒன்று. ஸ்பானிய மொழியில் நம்பிக்கை என்று பொருள். இருபது வருஷத்துக்கு மேல் பயிரான இடம். அதைக் காக்க வந்த தொண்டர்கள் வாசலில் பிரம்மாண்டமான ஒரு தவளையைக் கட்டினார்கள். பியூர்ட்டோ ரிக்கோவில் 'கொக்கி' என்ற மரத்தவளை உண்டு. கட்டை விரல் அளவுதான் இருக்கும், ஆனால் ராத்திரி முழுக்க ஊரைக் கூப்பிடும். வாசலில் கட்டிய தவளைக்கு உள்ளே ஆட்கள் படுத்துக் காவல் காத்தார்கள், உறைபனியில். 2000 பிப்ரவரி 15-ந் தேதி காலையில் போலீஸ் வந்தது. சங்கிலியால் தங்களைப் பிணைத்துக்கொண்டிருந்தவர்களை அறுத்து எடுத்துப் போனார்கள். புல்டோசர் தவளையையும் தோட்டத்தையும் சேர்த்து வாரியது. அதே நாளில், மாகாண அட்டர்னி ஜெனரல் தொடுத்த வழக்கில், நகரத்தில் இனி எந்தத் தோட்டத்தையும் இடிக்கக் கூடாது என்று கோர்ட்டு தடை விதித்தது. மற்றத் தோட்டங்கள் தப்பின. நம்பிக்கை என்று பெயர் வைத்த தோட்டம் தப்பவில்லை.

தடை உத்தரவின் நிழலில் இரண்டரை வருஷம் பேச்சு நடந்தது. 2002 செப்டம்பரில், மேயர் புளூம்பெர்க் காலத்தில், ராஜி ஏற்பட்டது. பல நூறு தோட்டங்கள் பூங்கா இலாகாவிடமும் அறக்கட்டளைகளிடமும் பத்திரமாயின. முப்பத்தெட்டுத் தோட்டங்களை உடனே கட்டடத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். இன்னும் நூறுக்கு மேற்பட்டவை பரிசீலனைக்குப் பின் என்று வைத்தார்கள். சுமார் 2000 வீடுகள் கிடைக்கும் என்று கணக்கு. இரு கட்சியும் அரை மனசோடு கையெழுத்துப் போட்டால்தானே ராஜி?

இன்று கிரீன் தம்ப் இலாகாவின் கீழ் 550-க்கு மேல் தோட்டங்கள் இருக்கின்றன. இதில்தான் நம் கேட் வருகிறது. பொது நிலத்தை வைத்துக்கொள்கிறவர்கள் அதைப் பொதுவாகவே வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரத்துக்கு இருபது மணி நேரம் கேட்டைத் திறந்து வைத்து, நேரத்தைப் பலகையில் எழுதிப் போடவேண்டும். ஊராருக்கு இலவச நிகழ்ச்சிகள் நடத்த வேண்டும். நாலு பேர் பூட்டிக்கொண்டு தங்கள் தக்காளியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், இது எப்படிப் பொதுச்சொத்து என்று நாளைக்கு ஒரு மேயர் கேட்பார். அவர் கேட்பதில் நியாயமும் இருக்கும். பட்டா இல்லாத நிலத்துக்குத் திறந்த கேட்தான் பட்டா. திறந்த தினத்தில் சோற்றைப் போட்டுப் போட்டு, 'இன்னும் கொஞ்சம்' என்று உபசரிக்கிறார்களே, அது அன்பினால்தான். ஆனால் வந்து சாப்பிட்டவர்கள் அத்தனை பேரும் சாட்சிகள் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இந்தப் பட்டாவிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் செய்து 2008-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, தோட்டம் வந்த இடத்தைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் வீட்டு விலை உயர்கிறது என்று காட்டிற்று. மிக ஏழ்மையான பேட்டைகளில்தான் உயர்வு அதிகம். ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது சதவிகிதத்துக்கு மேல். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாடகைக்குக் குடியிருப்பவனுக்கு இதன் அர்த்தம் வேறு. குப்பை அள்ளியவன், மண் சுமந்தவன், கசிட்டா கட்டியவன், வாடகை தாங்காமல் ஒரு நாள் பேட்டையை விட்டே போகிறான். கீழே அவன் நட்ட மரத்தைக் காட்டி, 'ஜன்னலைத் திறந்தால் தோட்டம்' என்று தரகர் மேல் மாடியை விலை பேசுகிறார். புரூக்ளினுக்கும் பிராங்ஸுக்கும் குடிபோய்விட்டவர்களில் சிலர் வாரம் ஒரு முறை சுரங்க ரயிலேறித் திரும்பி வந்து தங்கள் பாத்திக்குத் தண்ணீர் விடுகிறார்கள். டாமினோ மேஜையில் உட்கார்ந்திருப்பவர்களைச் சும்மா கேட்டுப் பாருங்கள். நாலு பேரும் இந்தத் தெருக்காரர்களாக இருந்தால் அதிசயம்தான்.

பொழுது சாய்கிறது. பாத்திரம் காலி. சைக்கிளிலிருந்து கடைசிப் பிள்ளையை இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. ஒருவர் ரப்பர் குழாயை நடைபாதையிலிருந்து சுருட்டிக்கொண்டு வருகிறார். கையில் தீக்குழாயைத் திருகும் சாவி. கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பலகையில் ஒரு தாள் குத்தியிருக்கிறது. வாரத்தின் ஏழு நாளும் கட்டம் கட்டமாகப் போட்டு, யார் எப்போது கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காவல் இருப்பது என்று பெயர் எழுதுவதற்கு. சனி, ஞாயிறு நிரம்பிவிட்டது. திங்களும் ஆயிற்று. புதன்கிழமை மாலை நாலு மணி முதல் ஆறு மணி வரையில் உள்ள கட்டம் மட்டும் இன்னும் காலி. பென்சில் ஒரு நூலில் கட்டித் தொங்குகிறது.